நிரம்பியதாகச் சொல்லும் காலித் தொட்டி
தண்ணீர் அளவுகாட்டிகள் பொய் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. மொட்டை மாடியில் மட்டுமல்ல, ஏரியிலும்.

பேனலில் மேல்விளக்கு எரிகிறது. தொட்டி நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். வாட்ச்மேன் மோட்டாரைப் போடாமல் விடுகிறார். காலை ஏழு மணிக்கு நான்காவது மாடியில் குழாயைத் திறந்தால் வருவது காற்று. இதற்குள் மாநகராட்சித் தண்ணீர் வந்து நின்றுவிட்டது. மேலே ஏற்றாததால் கீழ்த்தொட்டியில் இடமில்லை. குழாயில் வந்த தண்ணீரை வாங்கிவைக்கவும் முடியவில்லை. கீழே இருப்பதை ஏற்றிச் சமாளிக்கலாம். ஆனால் அன்றைய பங்கில் பாதி போனது போனதுதான்.

மும்பை ஆண்டாப் ஹில்லில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளிலிருந்து குடிசைப் பகுதிச் சந்துகள் வரை தண்ணீர் விஷயத்தில் ஒரு விதி பொது: வருவது சில மணி நேரம், அதற்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். சந்தில் டிரம்மை எட்டிப் பார்த்தால் போதும். மாடிக் கட்டடத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, விளக்கைப் பார்க்கிறார்கள். சிக்கல் அங்கேதான்.

விளக்கு எதைச் சொல்கிறது? தண்ணீரைப் பற்றி அல்ல, மின்சாரத்தைப் பற்றி. மலிவான அளவுகாட்டிகளில் தொட்டிக்குள் வெவ்வேறு உயரங்களில் உலோகக் கம்பிகள் தொங்குகின்றன. தண்ணீர் ஏறி ஒரு கம்பியைத் தொட்டால் அடியிலுள்ள பொதுக் கம்பிக்கும் அதற்கும் இடையே சிறு மின்னோட்டம் பாய்கிறது, விளக்கு எரிகிறது. புதிதாக மாட்டும்போது கச்சிதமாக வேலை செய்யும். சில மாதங்களில் கம்பிகளைப் பிடித்திருக்கும் தாங்கியின் மீது உப்பும் பாசியும் படிகின்றன. தண்ணீர் இறங்கிய பிறகும் அந்த ஈரப் படலம் மின்சாரத்தைக் கடத்துகிறது. காலித் தொட்டி நிரம்பியதாகத் தெரிவது இப்படித்தான். இதற்கு நேர்மாறாக, கம்பியின் மீதே சுண்ணாம்புப் படிவம் ஏறினாலோ, துருப்பிடித்து இணைப்பு அறுந்தாலோ, நிரம்பிய தொட்டி காலியாகத் தெரியும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மாடியிலிருந்து வழியும். கம்பிகளில் ஒரே திசையில் மின்சாரம் பாய்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். அதனால்தான் தரமான கருவிகளில் திசை மாறும் மின்சாரத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

இது மும்பையின் தனிப்பட்ட துன்பம் அல்ல. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடுகளில் குடிநீருக்கு ஒன்று, சமையலறைக் கழிவுநீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று என்று தொட்டிகள் உண்டு. காலி, மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, நிறைவு என்று விளக்குகள் காட்டும். கழிவறைத் தொட்டியின் சுவரில் காகிதமும் கசடும் ஒட்டிக்கொண்டால், கொட்டிக் காலி செய்த பிறகும் விளக்கு அசையாது. வண்டி சரிவில் நின்றால் கணக்கு இன்னொரு விதமாகத் தப்பும்: தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்க, கம்பி மறுபக்கம் இருக்கும்.

கம்பியை விட்டு வேறு கருவிக்கு மாறினால் தீருமா? ஓரளவுக்குத்தான். மிதவை, குழாயில் சிக்கிக்கொள்ளும். விரிசல் விட்டால் உள்ளே தண்ணீர் புகுந்து மூழ்கும். ஒலி அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவி, மூடியின் அடியில் திரளும் நீர்த்துளியையோ உள்ளே விழும் தண்ணீர்த் தாரையையோ நீர்மட்டம் என்று எண்ணிவிடும். மிக அருகில் உள்ளதும் அதற்குத் தெரியாது. எனவே தொட்டி விளிம்புவரை நிறையும்போது தடுமாறும். அடியில் வைத்து அழுத்தத்தை அளக்கும் கருவிக்கு வெளிக்காற்றோடு தொடர்பு வேண்டும். அதற்கான மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டால், மழைக்காலத்தில் காற்றழுத்தம் 10 மில்லிபார் இறங்கும்போது, தண்ணீர் குறையாமலே சுமார் 10 செ.மீ. குறைந்ததாகக் காட்டும்.

கருவி உண்மை சொன்னாலும் நாம் தவறாகப் புரிந்துகொள்ளலாம். படுக்கை வசமாக வைத்த உருளைத் தொட்டியில் கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், இருப்பது கொள்ளளவில் கால் பங்கல்ல. 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. நிமிர்ந்து நிற்கும் தொட்டியிலோ வெளியேற்றும் குழாய் அடியிலிருந்து சில அங்குலம் மேலே இருக்கும். அதற்குக் கீழே உள்ள தண்ணீர் இருந்தும் இல்லாததுதான்.

இதே கணக்கு மும்பையின் ஏரிகளிலும் உண்டு. மேல் வைதர்ணா, மோடக் சாகர், தான்சா, மத்திய வைதர்ணா, பாட்சா, விஹார், துல்சி ஆகிய ஏழின் மொத்தக் கொள்ளளவாக மாநகராட்சி சொல்லும் 14.47 லட்சம் மில்லியன் லிட்டர் என்பது எடுக்கக்கூடிய தண்ணீர் மட்டுமே. 2024 ஜூனில் மேல் வைதர்ணாவின் இருப்பு பூஜ்யம் என்று பட்டியல் காட்டியது. ஏரி வற்றிவிடவில்லை. குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே உள்ளது கணக்கில் சேர்வதில்லை, அவ்வளவுதான். அந்தக் கோடைக்காக பாட்சாவிலும் மேல் வைதர்ணாவிலும் உள்ள இந்த அடி இருப்பிலிருந்து எடுத்துக்கொள்ள மாநில அரசு அனுமதித்தது. கூடவே மே 30 முதல் 5 சதவீதமும், ஜூன் 5 முதல் 10 சதவீதமும் வினியோகம் வெட்டப்பட்டது. பூஜ்யம் என்றால் என்ன என்பது தெரியாவிட்டால் தேவையற்ற பீதியும் வரும், தேவையற்ற தைரியமும் வரும்.

வீட்டுத் தொட்டிக்குப் பரிகாரம் எளிது. தொட்டி காலியாக இருக்கும் நாளில் விளக்கு என்ன சொல்கிறது என்று ஒருமுறை பாருங்கள். நிறையும் நாளில் மறுமுறை பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் கருவியை மாற்றுவதற்கு முன் கம்பிகளைத் துடையுங்கள். தண்ணீர் விழும் இடத்திலிருந்து அவற்றைத் தள்ளிப் பொருத்துங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாக இருக்கட்டும். அடையாளக் கோடு போட்ட குச்சி ஒன்று மாடியில் இருந்தால் எந்த எலக்ட்ரானிக் பெட்டிக்கும் அது நீதிபதி.

எட்டிப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. 2024 மார்ச்சில், ஆண்டாப் ஹில்லை அடுத்த வடாலாவில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். தொட்டிக்குச் சரியான மூடி இல்லை. 2025 மார்ச்சில் நாக்பாடாவில் நிலத்தடித் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய நான்கு தொழிலாளர்கள் மூச்சுத் திணறி மாண்டார்கள். ஆகவே குச்சியை விட்டுப் பார்த்ததும் மூடியைப் பூட்ட வேண்டும். கம்பியைத் துடைக்க அதை வெளியே எடுக்க வேண்டுமே தவிர, ஆளை உள்ளே இறக்கக் கூடாது. சில நூறு ரூபாய்க் கருவி தவறாகக் காட்டினால் நஷ்டம் ஒரு நாள் தண்ணீர். அதைச் சரிபார்க்கும் அவசரத்தில் நடக்கும் தவறுக்கு விலை அதைவிடப் பெரியது.