ஐவரியா, ஆஃப் ஒயிட்டா? சுவரில் பார்த்துவிட்டு வாங்குங்கள்

ஷேட் கார்டில் ஐவரியும் ஆஃப் ஒயிட்டும் ஒன்றுபோலவே இருக்கும். அறை முழுக்க அடித்த பிறகுதான் ஒன்றில் மஞ்சள் தூக்கலாகவும் மற்றொன்று சாம்பல் பூத்தும் தெரியும். மெஷினில் கலர் கலந்த டப்பாவைக் கடைக்காரர்கள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை. நீங்கள் சொன்ன ஷேட் எண்ணுக்கே கலந்து கொடுத்திருந்தால், பிடிக்கவில்லை என்பதற்காக நஷ்டஈடு கேட்கவும் முடியாது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே உஷாராக இருங்கள்.

இரண்டு நிறத்திலும் சிறிய அளவு வாங்கி, பட்டியும் பிரைமரும் முடிந்த சுவரில் இரண்டடிச் சதுரமாக இரண்டு கோட் அடியுங்கள். ஜன்னலுக்கு எதிரே இரண்டு நிறமும், இருட்டான மூலையில் இரண்டு நிறமும் இருக்கட்டும். எமல்ஷன் காய்ந்தால் நிறம் மாறும் என்பதால் ஈரத்தில் முடிவெடுக்காதீர்கள். காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். 3000 கெல்வின் மஞ்சள் பல்பு ஐவரியை இன்னும் மஞ்சளாக்கும். 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட் சாம்பல் கலந்த வெள்ளையில் நீலம் ஏற்றும். சிவப்புத் தரையின் சாயல்கூடச் சுவரில் படியும். அறையில் எந்த விளக்கு எரியப்போகிறதோ, அதில் நன்றாகத் தெரிவதை எடுங்கள்.

நிறத்தைவிட முக்கியமானது ஈயம். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஈயம் அந்த அளவைத் தாண்டவில்லை என்ற வாசகம் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடென்றால் சுவரை நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி பக்கம் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் போகவே கூடாது.

தேவையான அளவை ஒரே பேட்ச்சில் வாங்கி, ஷேட் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கேட்ட எண் ஒன்று, கலந்தது வேறு என்றாலோ, ஒரே எண்ணுள்ள இரண்டு டப்பாக்கள் வேறு வேறாகத் தெரிந்தாலோ, வேலையை உடனே நிறுத்துங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, டப்பாவையும் ஸ்டிக்கரையும் பத்திரப்படுத்தி, கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.