வாத, பித்த, கப உடல்கள்

சித்த மருத்துவத்தில் ‘தேகி’ என்பது, வாதம், பித்தம், கபம் என்னும் மூன்று உயிர்த்தாதுக்களுள் எது பிறப்பிலேயே மேலோங்கி நிற்கிறதோ, அதற்கேற்ப ஒருவருக்கு அமையும் உடலியல்பைக் குறிக்கும். மெலிந்த உடலும் வறண்ட தோலும் வாத தேகிக்கும், பசி தாங்காமையும் மிகுந்த வியர்வையும் இளநரையும் பித்த தேகிக்கும், திரண்ட உடற்கட்டும் நிதானமும் கப தேகிக்கும் உரியனவாகக் கூறப்படுகின்றன. ஆயினும் இரண்டு தாதுக்கள் கலந்த ‘தொந்த தேகி’யரும் உளர் என்பதால், மருத்துவர் தோற்றத்தை மட்டும் நம்பாமல், மணிக்கட்டில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைப் பதித்து, முறையே இம்மூன்றின் நாடி நடையையும் அறிந்த பின்னரே உணவையும் மருந்தையும் வகுக்கிறார். இப்பாகுபாடு நோயின் பெயரன்று. பித்த தேகியர் முழு நலத்துடன் வாழ்பவராகவே இருக்கலாம், பித்தம் தன் இயல்பான அளவைக் கடக்கும்போதுதான் அந்நிலை நோயெனக் கொள்ளப்படுகிறது.