சிமெண்ட் தரையின் மேல் மரத்தளம்: அடிமூட்டையைக் காக்கும் வழி

மளிகை வியாபாரத்தில் நஷ்டம் முதலில் கல்லாவில் தெரிவதில்லை, அடிமூட்டையில் தெரிகிறது. மேல்மூட்டைகள் விற்றுத் தீரும்வரை அது யார் கண்ணிலும் படாது. கடைசியில் பிரித்துப் பார்த்தால் அரிசி கட்டி பிடித்திருக்கும், பருப்பில் பூசண வாடை அடிக்கும், சர்க்கரை கசிந்திருக்கும். பத்து மூட்டையில் ஒன்று இப்படிப் போனால் மற்ற ஒன்பதில் கிடைத்த லாபமும் அதோடு போய்விடும் என்பது வணிகப் பெருமக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தேங்காய்த்திட்டுப் பகுதியில் கடையும் கிடங்கும் வைத்திருப்போர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ஊர்ப் பெயரில் 'திட்டு' இருந்தாலும், கழிமுகமும் மீன்பிடித் துறைமுகமும் அருகிலேயே உள்ள தாழ்வான பூமி இது. நிலத்தடி ஈரமும் உப்புக் காற்றும் ஆண்டு முழுவதும் உண்டு.

கான்கிரீட் போட்டுவிட்டால் ஈரம் வராது என்று பலர் எண்ணுகிறார்கள். இது சரியன்று. கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அவை மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். இதைத்தான் கொத்தனார்கள் 'ஓதம் ஏறுகிறது' என்பார்கள். புதிய தளமானால் அதில் ஊற்றிய தண்ணீரே வெளியேற நாளாகும். ஓர் அங்குல கனத்திற்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. 4 அங்குலத் தளத்திற்கு 4 மாதம் பொறுக்க வேண்டும்.

தரையைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது தாளின் அடியில் நீர் முத்துக்கள் இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ, ஓதம் இருக்கிறது என்று பொருள். கோடையில் செய்த சோதனையை நம்ப வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை செய்து பாருங்கள்.

கிடங்கிற்கு எது ஏற்றது?

கிடங்கில் தரை முழுவதும் பலகை அடித்து மூடிவிடுவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். அடியில் எலியும் கரப்பானும் குடியேறினால் வெளியேற்ற வழியிராது. கரையான் வந்தாலும் பலகை உளுத்த பிறகே தெரியும். இரண்டு ஆள் தூக்கக்கூடிய 4 அடிக்கு 3 அடி மரச்சட்டங்களே சிறந்தவை. தரைக்கும் மூட்டைக்கும் இடையே 4 அங்குல இடைவெளி இருந்தால் காற்றும் போகும், துடைப்பமும் போகும். சரக்கு காலியாகும்போதெல்லாம் சட்டத்தைத் தூக்கிப் பெருக்கிவிடலாம். சுவரிலிருந்தும் ஓரடியாவது தள்ளி அடுக்குங்கள். உப்பு மூட்டைக்குத் தனிச் சட்டம் வையுங்கள். உப்பு ஈரத்தை இழுத்துப் பக்கத்துச் சரக்கையும் கெடுக்கும்.

பழைய கப்பல் சரக்குச் சட்டங்களை வாங்குவோர் அதிலுள்ள முத்திரையைப் பார்க்க வேண்டும். 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கப்பட்டது. 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு காட்டப்பட்டது. உணவுச் சரக்கிற்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. எண்ணெய்க்கறை, மருந்து வாடை உள்ளவையும் வேண்டாம்.

கடை முன்புறத்திற்கு

வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் அழகுக்காக மரத்தளம் போட விரும்புவோரும் இருக்கிறார்கள். புதுச்சேரியின் பழைய மாடி வீடுகளில் மர உத்திரங்கள் நீண்டகாலம் நின்றதற்கு அவற்றைச் சுற்றிக் காற்று பட்டது ஒரு காரணம். கான்கிரீட்டோடு ஒட்டிய பலகைக்கு அந்த வசதி இல்லை. அடிப்பக்கம் ஈரத்தில் உப்பி, மேற்பக்கம் காய்ந்து, ஓரங்கள் தூக்கிக்கொள்ளும்.

ஆகவே சோதனையில் தேறிய தரையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். முதலில் மேடுபள்ளத்தைச் சரிசெய்து, 600 கேஜ் பாலிதீன் தாளை அரையடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து ஒட்டவும். அதன்மேல் ஓரடி இடைவெளியில் ரீப்பர், பிறகு பலகை. பலகையை வாங்கிய அன்றே அடிக்காமல், அதே அறையில் இரண்டு வாரம் காற்றோட்டமாக அடுக்கி வைக்கவும். சுவரோரம் அரை அங்குலம் விட்டு, அதைப் பீடிங்கால் மறைக்கவும். மழைக்காலத்தில் மரம் விரிய இடம் வேண்டும். கடற்காற்றில் சாதா ஆணி துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத ஸ்குரூ போடவும். எண்ணெய், வெல்லம் நிறுக்கும் இடத்தில் மரம் வேண்டவே வேண்டாம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளும், உணவுப் பொருட்களைத் தரைக்கு மேலேயும் சுவரிலிருந்து விலகியும் வைக்கச் சொல்கின்றன. எனவே மரச்சட்டம் சரக்கிற்கு மட்டுமல்ல, உரிமத்திற்கும் பாதுகாப்பு.

ஒன்றை மறக்க வேண்டாம். 4 அங்குலச் சட்டம் ஓதத்தைத் தடுக்கும், வெள்ளத்தைத் தடுக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. புயல் எச்சரிக்கை வந்ததும் சட்டத்தின்மேல் சட்டம் வைத்து உயர்த்தி, விலையுயர்ந்த சரக்கை மேலே ஏற்றிவிடுங்கள். ஒரு சட்டத்திற்கு ஆகும் செலவை ஒரு மூட்டைப் பருப்பின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, இவ்வாண்டு மழைக்கு முன்பே ஆசாரியை அழைப்பது நலம்.