‘ஆஃப்டர்’ என்ற சொல்லுக்கு அயர்லாந்தில் என்ன வேலை?

கைதவறிக் கோப்பையை உடைத்துவிட்ட டப்ளின்காரர் “ஐ ஆம் ஆஃப்டர் பிரேக்கிங் தி கப்” என்பார். அயர்லாந்துப் பேச்சு பழகாத லண்டன்காரர் அதைக் கேட்டால், இவர் எதையோ உடைக்கப் பார்க்கிறார் என்றே எண்ணக்கூடும். சொன்னவர் கருதியதோ, ‘இப்போதுதான் உடைத்தேன்’ என்பது.

இது பிழையான ஆங்கிலம் அல்ல. ஐரிஷ் மொழியில் ‘ஹேவ்’ என்பதற்கு ஈடான வினைச்சொல் கிடையாது. எனவே ‘ஐ ஹேவ் புரோக்கன்’ என்ற அமைப்புக்கு அங்கே இடமே இல்லை. இப்போதுதான் நடந்ததை, உடைத்ததற்குப் பின்னால் நான் இருக்கிறேன் என்ற போக்கில் ஐரிஷில் சொல்வார்கள். ஆங்கிலத்துக்கு மாறியவர்கள் அதன் சொற்களை எடுத்துக்கொண்டு, தங்கள் பழைய வாக்கியத்துக்குள் வைத்துப் பேசினார்கள்.

ஆம், இல்லை என்பவற்றுக்கும் ஐரிஷில் தனிச்சொற்கள் இல்லை. கேள்வியில் வந்த வினையையே பதிலில் திருப்பிச் சொல்ல வேண்டும். தேநீர் வேண்டுமா என்று கேட்டால் வெறும் ‘யெஸ்’ஸுக்குப் பதிலாக ‘ஐ வில்’ என்று இன்றும் பலர் சொல்வது அதனால்தான். ‘ஃபில்ம்’ பலர் வாயில் ‘ஃபில்லம்’ ஆவதிலும் ஐரிஷ் உச்சரிப்பின் சாயல் உண்டு.

இவ்வளவு ஆழமாக ஒரு மொழி இன்னொன்றுக்குள் இறங்கியதற்குக் காரணம், மாற்றம் நடந்த வேகம். 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில் பாடம் நடத்தின. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி ஏழைகளுக்கே அடி மிகுதி. கப்பலேறி அமெரிக்கா போனால் பிழைக்க ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோரே பிள்ளைகளிடம் தாய்மொழியைத் தவிர்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த ஆங்கிலம் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர் பேசியதல்ல. தாங்களே புதிதாகக் கற்றுக்கொண்ட அக்கம்பக்கத்தார் பேசியது.

எல்லாவற்றையும் ஐரிஷின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. வழக்கமாக நடப்பதைக் குறிக்கும் ‘ஹி டஸ் பி வொர்க்கிங்’ என்ற அமைப்பில், 17ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஆங்கிலேயரின் வட்டார வழக்குக்கும் பங்குண்டு என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். ‘ஆஃப்டர்’ விஷயத்தில் அந்த ஐயத்துக்கு இடம் குறைவு. வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு பக்கத்திலிருந்து மீன்பிடித் தொழிலுக்காகப் போனவர்கள் குடியேறிய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலும் அது அப்படியே வழங்குகிறது. ஐரிஷுக்கு நெருங்கிய உறவான கேலிக் மொழி பேசப்பட்ட ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆங்கிலத்திலும் அதே ‘ஆஃப்டர்’ உண்டு.