போர்க்களமும் கைக்கடிகாரமும்

கைக்கடிகாரம் இன்று ஆடவர்க்கும் மகளிர்க்கும் பொதுவாய பொருளாக விளங்குகின்றது. ஆயின், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய ஆடவர் பலர் அதனை அணிய நாணினர். அது பெண்டிர்க்குரிய அணியெனவே கருதப்பட்டது. ஆடவர் தம் கடிகாரத்தைச் சங்கிலியிற் கோத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தனர். இவ்வெண்ணம் மாறியதற்குரிய காரணங்களுள் தலையாயது போர் எனலாம்.

1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நிகழ்ந்த போயர் யுத்தத்திலே, பிரித்தானிய அதிகாரிகள் சிலர் தம் சட்டைப்பைக் கடிகாரங்களைத் தோற்பட்டையிற் பொருத்தி மணிக்கட்டிற் கட்டிக்கொண்டனர். ஒரு கை கடிவாளத்தையும் மறு கை ஆயுதத்தையும் பற்றியிருக்கையில், பையினுட் கடிகாரத்தைத் தேட வேறு கை ஏது?

1914ஆம் ஆண்டில் மூண்ட முதலாம் உலக மகாயுத்தத்தில் இத்தேவை பன்மடங்காகப் பெருகிற்று. அப்போரில், பீரங்கிகள் எறிகணைகளை ஒரு திரைபோலப் பொழிந்து, குறித்த காலத்திற்கொருமுறை அத்திரையை முன்னே நகர்த்தும் முறை வழக்கிலிருந்தது. காலாட்படையினர் அத்திரையின் பின்னே நெருங்கி நடத்தல் வேண்டும். 1917ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி, பிரான்சிலுள்ள வீமி மேட்டைக் கனேடியப் படையினர் தாக்கியபோது, காலை 5.30 மணிக்கு எழுந்த எறிகணைத் திரை 3 நிமிடத்திற்கு 100 யார் என்னும் அளவில் முன்னேறிற்று. கணக்கிட்டு நோக்கின், கடிகாரத்தில் நேரும் ஒரு நிமிடப் பிழை, களத்தில் ஏறத்தாழ 33 யார்ப் பிழையாகும். முந்தினோர் தம்மவர் எறிகணைக்கே இரையாவர். பிந்தினோர், பதுங்கு குழியினின்றும் வெளிவந்த பகைவரின் இயந்திரத் துப்பாக்கிக்கு இலக்காவர். ஆதலின், தாக்குதலுக்கு முன்னர் அதிகாரிகள் தம் கடிகாரங்களை ஒரே நேரத்திற்கு இசைத்து வைத்துக்கொண்டனர்.

இத்துணை இன்றியமையாத கருவியின் முகத்தை மூடியிருந்ததோ எளிதில் உடையுங் கண்ணாடி. துப்பாக்கிக் கட்டையிலோ கல்லிலோ மோதினால் அது நொறுங்கும். நொறுங்கிய துண்டு முட்களை நிறுத்திவிடும். முழு மூடியுடைய கடிகாரம் கண்ணாடியைக் காத்ததாயினும், நேரம் பார்க்குந்தோறும் அம்மூடியைத் திறத்தல் வேண்டும். காத்தலும் காண்டலும் ஒருங்கே இயலும் வழியொன்று தேவைப்பட்டது. அதற்கென எழுந்ததே குண்டுச்சிதறற் காப்பு என்னும் உலோகச் சட்டம். சிலவற்றில் அது குறுக்குக் கம்பிகளாலாய வலைபோன்றிருந்தது. சிலவற்றில் எண்கள் தோன்றுமாறு துளைகள் வெட்டப்பட்டிருந்தன. இவை கடிகாரத்தின் விளிம்பிலே பொருத்தப்பட்டன; அல்லது தோற்பட்டையுடன் பிணைக்கப்பட்டன. இக்காப்பின் பெயர் பெரிது, செயல் சிறிது. விரைந்து வரும் எறிகணைத் துண்டை அம்மெல்லிய தகடு தடுத்தல் அரிது. அன்றாட மோதலினின்றும் கண்ணாடியைக் காத்தலே அதன் மெய்யான பணியாயிற்று.

பின்னர், உடையாக் கண்ணாடி எனப் பெயர்பெற்ற செலுலோயிட்டுத் தகடு வழக்கிற்கு வந்தது. அது நாட்பட மஞ்சணிறமடையும், எளிதில் தீப்பற்றும், எனினும் நொறுங்குவதன்று. அதனால் உலோகக் காப்பின் தேவை படிப்படியாகக் குறைந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் பிரித்தானியப் படைக்கென 12 சுவிற்சலாந்து நிறுவனங்கள் ஒரே நியமத்தின்படி செய்த கடிகாரங்களில், அக்கிரிலிக்கு முகப்பும் நீர்புகா உறையும் அமைந்திருந்தன.

இருளில் நேரங் காண்டற்கு வேறொரு வழி கையாளப்பட்டது. இரேடியத்தை நாக சல்பைட்டுடன் கலந்து எண்களிலும் முட்களிலும் பூசினர். இரேடியத்தின் கதிர்கள் தாக்குதலால் அச்சேர்வை ஒளிர்ந்தது. 1917ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் நியூ சேர்சி மாநிலத்து ஒறேஞ்சு நகரத் தொழிற்சாலையில் இளம்பெண்கள் இப்பூச்சைத் தீட்டினர். தூரிகையின் நுனியைக் கூராக்க அதனை உதட்டில் வைத்து ஒடுக்குமாறு அவர்கள் பயிற்றப்பட்டிருந்தனர். உடலினுட் சென்ற இரேடியம், கல்சியத்தை ஒத்த இயல்பினதாதலின், என்புகளிற் படிந்தது. தாடையென்பு சிதைந்தும் வேறு நோயுற்றும் பலர் மாண்டனர். ஐந்து பெண்கள் 1927ஆம் ஆண்டில் வழக்குத் தொடர்ந்தனர். 1928இல் அவர்களுக்கு நட்டஈடு வழங்க உடன்பாடு காணப்பட்டது. போர்வீரனின் கடிகாரக் கண்ணாடிக்குக் காப்பமைத்த காலம், அதன் எண்களைத் தீட்டிய பெண்ணின் வாய்க்குக் காப்பமைக்க மறந்தது.

அக்காலக் கடிகாரங்கள் இன்று ஒளிர்வதில்லை. சல்பைட்டுச் சில ஆண்டுகளிலேயே தன் ஆற்றலை இழந்துவிடும். இரேடியமோ பாதியாகக் குறைதற்கு ஏறத்தாழ 1600 ஆண்டுகள் செல்லும். ஆதலின், பாட்டன்மார் விட்டுச்சென்ற இத்தகைய கடிகாரம் எவரிடத்தேனும் இருப்பின், அதனைத் திறந்து அப்பூச்சைச் சுரண்டாதிருத்தல் நன்று.