மென்பொருள் நியமங்களும் அரைப்பேர் கணக்கும்

நிறுவனங்களின் கணக்கு, சம்பளம், கொள்முதல் ஆகியவற்றைக் கையாளும் மென்பொருள்களுக்கு உலகளாவிய நியமங்கள் பல வகுக்கப்பட்டுள்ளன. ஒரு கணினியில் பதியப்படும் தரவு மற்றொரு கணினியிலும் அதே பொருளைத் தரவேண்டும் என்பதே அவற்றின் நோக்கமாகும். எனினும், வர்த்தகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் மென்பொருள் எழுதிக் கொடுப்போரின் தேவையை இந்நியமங்கள் நிறைவுசெய்கின்றனவா என்பது ஊவா மாகாணத்தவரும் சிந்திக்க வேண்டிய வினாவாகும்.

பதுளையின் தேயிலைத் தோட்டத்திலோ மொனராகலையின் இறப்பர் தோட்டத்திலோ சம்பளக் கணக்கு அலுவலக ஊழியரின் மாதச் சம்பளத்தைப் போன்றதன்று. கொழுந்தின் நிறை, நிறை குறைந்தால் அரைப்பேர், மேலதிகக் கிலோவுக்கான கொடுப்பனவு, தீபாவளி முற்பணத்தின் தவணை, தொழிற்சங்கச் சந்தா என யாவும் செக்ரோலில் இடம்பெறுகின்றன. மாதச் சம்பளத்தை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்ட மென்பொருளில் அரைப்பேருக்கு இடமில்லை. அதனை மாற்றியமைக்க முடியும். ஆனால், அதற்காகும் செலவைப் பெரிய கம்பனிகள் தாங்குமே தவிர, சிறு தோட்ட உரிமையாளர்கள் தாங்கமாட்டார்கள்.

பெயர்ப் பதிவு இதனினும் பாரதூரமானது. தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிப்பதற்கான இலங்கை நியமம், எஸ்.எல்.எஸ். 1326, 2008 ஆம் ஆண்டு வெளியானது. எழுத்துக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கு அது வழிசெய்தது. ஆனால், இலட்சுமி என்ற பெயரையும் முஹம்மத் என்ற பெயரையும் ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆளுக்கொரு விதமாக எழுதுகின்றனர். தோட்டப் பதிவேட்டில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருக்குமாயின், ஓய்வுபெறும் தொழிலாளி தமது ஊழியர் சேமலாப நிதியைப் பெற அலைய நேரிடுகிறது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதமும் சேரும் அப்பணம் பலருக்கு வாழ்நாட் சேமிப்பாகும்.

நியமங்களை வகுப்பதில் இலங்கையருக்கும் பங்குண்டு. இணையச் சேவைகளை விவரிக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். நியமத்தை ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கியோருள் ஒருவரான சஞ்சீவ வீரவரண, 2005 இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவராவார். அக்காலத்தில் இணையச் சேவைகளுக்கான நியமங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகின. அவற்றின் சிக்கலால் களைப்புற்ற மென்பொருளாளர் பலர், ரோய் பீல்டிங் 2000 ஆம் ஆண்டில் விவரித்த ரெஸ்ட் என்னும் எளிய முறையை நாடினர். நியமம் கடினமாயின் அதனைப் பயன்படுத்துவோர் விலகிச் செல்வர் என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடமாகும்.

ஆகவே நமக்குத் தேவையானவை சுருக்கமான, எவரும் இலவசமாகப் பெறக்கூடிய உள்ளூர் நியமங்களே. பெயரை மூன்று மொழிகளிலும் அருகருகே பதிதல், எழுத்துடன் முடியும் பழைய அடையாள அட்டை இலக்கத்தையும் 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணையும் ஒருவருடையவையே என இணைத்தல், செக்ரோலுக்குப் பொதுவான தரவு வடிவத்தை வகுத்தல் ஆகிய மூன்றும் முதற்படியாகலாம். இவற்றை வகுக்கும் மேசையில் கொழும்பின் நிபுணர்களுடன் தோட்ட எழுதுவினைஞரும் மலையகத்தின் இளம் மென்பொருளாளரும் அமர வேண்டும். அரைப்பேரின் பொருளை அறிந்தவர்கள் அவர்களே.