தடுப்பூசிக்குப் பின் வரும் சோர்வும் தவறான அச்சமும்

பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் ஊவா மாகாணப் பெருந்தோட்டங்களில் நாய் இல்லாத லயன் ஒன்றைக் காண்பது அரிது. வீட்டார் கொழுந்து பறிக்கச் சென்ற பின் வாசலைக் காப்பதும், இரவில் மரக்கறித் தோட்டத்திற்குள் நுழையும் காட்டுப்பன்றியை விரட்டுவதும் அதுவே. விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி ஏற்றப்பட்ட அன்று மாலை அந்த நாய் உணவைத் தொடாமல் சுருண்டு படுத்துவிட்டால் வீட்டார் கலங்குவது இயல்பே. "ஊசி போட்டதால்தான் நாய்க்கு வருத்தம் வந்தது" என்ற பேச்சு இங்கிருந்தே பிறக்கின்றது. அதனை நம்புவோர் அடுத்த வருடம் தமது நாயை ஊசிக்குக் கொண்டுவரத் தயங்குகின்றனர். அத்தயக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை நாம் உணர்ந்துகொள்ள வேண்டும்.

நாய்களுக்கு ஏற்றப்படும் இம்மருந்தில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அதனால் விசர்நோயை உண்டாக்க இயலாது. ஆயினும் உடல் அதனை எதிரியாகவே கருதி எதிர்ப்புச் சக்தியை உருவாக்க முற்படுகின்றது. அவ்வேளையில் இலேசான காய்ச்சல், பசியின்மை, சோர்வு, ஊசி ஏற்றிய இடத்தில் சிறு வீக்கம் என்பன தோன்றலாம். நம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஏற்றிய அன்றிரவு நாம் காண்பதும் இதுவே. பழகாத இடம், பழகாத மனிதர், கயிற்றில் கட்டி இழுத்து வந்த பயணம் ஆகியவையும் நாயைக் களைப்படையச் செய்கின்றன. பொதுவாக ஓரிரு நாட்களில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அதுவரை மலைநாட்டுக் குளிரும் மழையும் படாத இடத்தில் நாயைப் படுக்கவிட்டு, அருகில் குடிநீர் வைத்தல் போதுமானது. உணவை வற்புறுத்தி ஊட்டலாகாது. மனிதருக்கான பனடோல் போன்ற மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்கலாகாது. அவை நாய்க்கு நஞ்சாகக்கூடும். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட நாய் மயக்க மருந்தின் காரணமாக மேலும் சில மணித்தியாலங்கள் தள்ளாடக்கூடும். அதனைப் படிக்கட்டுகளிலும் சரிவுகளிலும் நடமாடவிடாது காத்தல் வேண்டும்.

எனினும் எல்லாச் சோர்வும் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. முகம் வீங்குதல், தொடர்ந்து வாந்தி எடுத்தல், மூச்சுத் திணறல், நிலைகுலைந்து விழுதல் என்பன காணப்பட்டாலோ, இரண்டு நாட்கள் கடந்தும் சோர்வு நீங்காவிட்டாலோ தாமதமின்றிக் கால்நடை வைத்தியரை நாடவேண்டும். தாடை தொங்கி, உமிழ்நீர் வடிய, காரணமின்றிக் கடிக்க வரும் நாயை எவரும் தொடலாகாது. அது ஊசிக்கு முன்பே நோய் தொற்றிய நாயாக இருக்கலாம்.

1973 ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயினால் மாண்டனர். இன்று அத்தொகை வருடமொன்றுக்கு 40 இற்கும் குறைவாக வீழ்ந்திருப்பதற்கு நாய்களுக்கான தடுப்பூசி முக்கிய காரணமாகும். ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதமானவற்றிற்கேனும் ஊசி ஏற்றப்பட்டால் அங்கு நோய் பரவுவது தடைப்படும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஊசியின்றி விடப்படும் ஒவ்வொரு நாயும் இந்த அரணில் விழும் ஓட்டையாகும். அதன் வழியே முதலில் பாதிக்கப்படக்கூடியவர்கள் லயன் முற்றத்தில் விளையாடும் சிறுவர்களே. நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இயலாத காரியம். எனவே நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

தடுப்பூசி ஏற்றச் செல்வோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. "இன்றும் நாளையும் நாய் சோர்ந்திருக்கும், அஞ்ச வேண்டாம்" என்பதைத் தோட்ட மக்களுக்கு அவர்களது மொழியாகிய தமிழில் கூறிவிட்டு வாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம், அடுத்த வருடமும் அதே நாயை ஊசிக்குக் கொண்டுவரச் செய்யும்.